ஷிப்ட் முடிந்த காதுக்கு எந்த ஹெட்போன்?

ஹெட்போன் வாங்குவதாக இருந்தால் விடுமுறை நாளில் போங்கள், அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, அப்படியே ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய், கடைக்காரர் நீட்டும் இரண்டு மூன்றைக் காதில் மாட்டிப் பார்த்து ஒன்றை வாங்கி வருகிறவர்கள் நிறைய. அந்த நேரத்துக் காதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

காரணம் இதுதான். ரோலிங் மில், பிரஸ் ஷாப், கிரைண்டிங், கம்ப்ரசர் அறை போன்ற இடங்களில் சில மணி நேரம் இருந்தாலே உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் களைத்துப்போகும். வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவருக்கு அறை கொஞ்ச நேரம் இருட்டாகத் தெரிவது போல, ஷிப்ட் விட்டு வருகிறவருக்குச் சில மணி நேரமோ மறுநாள் வரையிலோ ஒலி மங்கலாகக் கேட்கும். முதலில் மங்குவது கீச்சொலிப் பக்கம்: 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை, அதிலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. பாடகர் வாயில் வரும் 'ஸ', 'ச' ஒலிகளின் கூர்மை, வயலின் வில் நரம்பில் உரசும் ஓசை, வீணை மீட்டும்போது முதலில் எழும் 'டிங்' எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவை கேட்காதபோது நல்ல ஹெட்போனும் அடைத்தாற்போல்தான் ஒலிக்கும். அதனால் கடையில் இருப்பதிலேயே கூர்மையாகவும் சத்தமாகவும் ஒலிப்பதைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காது தெளிந்ததும் அதே ஹெட்போன் குத்தும். திங்கள் மாலை மறுபடி மங்கலாகத் தோன்றும், சத்தத்தை இன்னும் இரண்டு படி ஏற்றுவீர்கள். தினமும் களைத்துத் தெளிகிற காது, ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் ஒரு கட்டத்தில் தெளியாமலே நின்றுவிடும். அந்தச் செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

மெஷின் ஓட்டுகிறவருக்குக் காதும் ஒரு தொழில் கருவி. பேரிங் தேயத் தொடங்குவதையும், டூல் அதிர்வதையும், ஏர்லைன் கசிவதையும் மீட்டர் காட்டுவதற்கு முன்பே காதால் கண்டுபிடிக்கிற ஃபிட்டர்கள் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற மதிப்பு அந்தக் காதால் வந்தது. ஆகவே இசைப் பிரியர்களுக்கு உலகமெங்கும் சொல்லப்படும் ஹெட்போன் ஆலோசனை திருவள்ளூர் மாவட்டத் தொழிலாளிக்கு அப்படியே பொருந்தாது. ஏற்கெனவே பாதி நாள் இரைச்சலில் இருந்த காதுக்கு எது ஏற்றது என்பதே இங்கே கேள்வி.

கணக்கைப் பாருங்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நெடுங்காலமாக உள்ள வரம்பு. அமெரிக்காவின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நயோஷ் 85 டெசிபலோடு நிறுத்தச் சொல்கிறது. 85-க்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகும் என்பது அதன் கணக்கு: 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் 15 நிமிடம். ஹெட்போனில் கேட்பதற்கென்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் ஓர் அளவு வகுத்தன. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். அது மற்ற நேரமெல்லாம் காது ஓய்வாக இருப்பவருக்கான கணக்கு. மில்லில் நாளெல்லாம் நின்றவருக்கு அன்றைய பங்கு கேட்டைத் தாண்டும் முன்பே தீர்ந்திருக்கும். டெசிபல் மீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் ஏறத்தாழ 85-ஐத் தொட்டுவிட்டது.

எனவே ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: குறைந்த சத்தத்தில் எது நிறைவாக ஒலிக்கிறதோ அதை வாங்குங்கள். பிராண்ட், விலை, டிரைவர் அளவு எல்லாம் அதற்குப் பிறகு.

ஷாப் ஃப்ளோரில் எந்த ஹெட்போனும் வேண்டாம். இதில் சமரசமே கிடையாது. கம்பெனி கொடுக்கிற இயர்ப்ளக்கைக் கழற்றிவிட்டுப் பட்ஸைச் செருகிக்கொள்வதும், இயர்மஃப்புக்குள்ளே ஒரு பக்கம் மட்டும் பட்ஸ் மறைத்து வைப்பதும் நடக்கிறது. மில்லின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமானால் அதைவிடச் சத்தமாகத்தான் வைத்தாக வேண்டும். அதற்கும் மேலாக, ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் ஹாரனும் தலைக்கு மேல் கிரேன் நகரும் மணியும் காதில் விழாது. 'நாய்ஸ் கேன்சலிங் இருக்கிறதே, அதுவே காதைப் பாதுகாக்காதா?' என்று இளம் அப்ரண்டிஸ்கள் கேட்கிறார்கள். பாதுகாக்காது. அது பாதுகாப்புச் சாதனமாகச் சோதித்துத் தரச்சான்று பெற்ற பொருள் அல்ல. ஃபோம் ப்ளக்கையே ஒழுங்காகப் போட்டால் போதும். விரல்களுக்கிடையே மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்பது மூன்று இடங்களில்: கம்பெனி பஸ், மின்சார ரயில், அறை. முதல் இரண்டுக்கும் விடை ஒன்றேதான், காதை நன்றாக அடைக்கும் இயர்போன். தலைமேல் மாட்டும் பெரிய ஹெட்போன் மே மாதத்தில் மீஞ்சூர் தாண்டுவதற்குள் வியர்வையில் ஊறிவிடும். செயற்கைத்தோல் மெத்தை சில மாதங்களில் உரியும். காதுக்குள் ரப்பர் முனையோடு நுழைகிற வகை வெளி இரைச்சலைத் தானே தடுக்கும், அதனால் சத்தத்தை ஏற்ற வேண்டிய தேவை வராது.

நாய்ஸ் கேன்சலிங்குக்குப் பணம் இருந்தால் அது இங்கேதான் பயன்படும். அமர் போஸ் என்ற வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமெரிக்கப் பேராசிரியர், 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் திரும்பும் விமானத்தில் என்ஜின் ஓசையில் பாட்டு கேட்க முடியாமல் போனதிலிருந்து இந்த யோசனையைத் தொடங்கினார். விமானத்துக்கென்று பிறந்ததாலோ என்னவோ, இன்றும் அதன் பலம் ஒரே சீராக உறுமும் கனத்த ஓசையில்தான். பஸ் என்ஜின், ரயில் மோட்டார், ஏசி ஆகியவற்றை நன்றாக அடக்கும். பக்கத்து சீட்டுப் பேச்சையும் தண்டவாள இணைப்பில் எழும் தடதடப்பையும் அந்த அளவுக்கு அடக்காது. அவற்றுக்கு ரப்பர் முனையின் அடைப்புதான் துணை.

அறையில் நிலைமை வேறு. பின்பக்கம் திறந்த வகை ஹெட்போன்கள் இருக்கின்றன. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 414 என்ற பெயரில் அந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காற்று உள்ளே வெளியே போய்வருவதால் இசை தலைக்குள் அடைபடாமல் சுற்றிலும் பரந்து கேட்கும், காதும் வேகாது. ஆனால் அது நீங்கள் கேட்கும் பாட்டை அறை முழுவதற்கும் கேட்கவைக்கும். கவரைப்பேட்டையிலோ மணவாளநகரிலோ நான்கு பேர் ஓர் அறையில் இருக்கும்போது, அதில் ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது, திறந்த ஹெட்போன் வேண்டாம். குடும்பத்தோடு தனி அறை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இனி இசைக்கு வருவோம். அதற்கு முன் ஒரு நுட்பம். சத்தம் குறையக் குறைய மனிதக் காதுக்குக் கனத்த ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். 1933-இலேயே பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வெளியிட்டார்கள். நாம் குறைந்த சத்தத்தில் கேட்கப் போகிறவர்கள் என்பதால், அடியொலி கொஞ்சம் தூக்கலாக இருக்கும் இயர்போன் நமக்கு நியாயமான தேர்வு. 'ஸ்டுடியோவில் சவுண்ட் என்ஜினியர்களே இதைத்தான் மாட்டுகிறார்கள்' என்று சோனி எம்டிஆர்-7506 போன்றவற்றைத் தள்ளிவிடும் கடைக்காரர்கள் உண்டு. 1991 முதல் விற்பனையில் இருக்கும் அருமையான கருவிதான் அது. ஆனால் பதிவில் உள்ள குறையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக அதில் மேலொலி தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. களைத்த காதோடு இரவில் இளைப்பாற அது தோதுப்படாது.

இளையராஜா ரசிகர்கள் இங்கே மிகுதி, அவர்களுக்கே இயர்போன் தேர்வு கடினம். 80-களின் பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு நிற்காது, பாட்டுக்கு எதிரே தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். 'மூடுபனி' காலத்துப் பதிவு எதையாவது நல்ல இயர்போனில் கேட்டுப் பாருங்கள், இத்தனை ஆண்டும் கேட்ட பாட்டில் இன்னொரு பாட்டு இருந்தது தெரியும். 'டம் டம்' என்று ஊதிப் பெருகும் மலிவு பட்ஸில் அந்த மெட்டின் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து வெறும் உறுமலாகிவிடும். கடையில் சோதிக்கும்போது குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த சுரம் எங்கே போகிறது என்று வாயால் முணுமுணுக்க முடிந்தால் அந்த இயர்போன் தேறியது. 'ஹவ் டு நேம் இட்' (1986), புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு செய்த 'திருவாசகம்' (2005) போன்றவற்றைக் கேட்கிறவர்களுக்கு இன்னொன்றும் வேண்டும்: வாத்தியங்களுக்கு இடையே இடைவெளி தெரிய வேண்டும். தனி அறை உள்ளவருக்குத் திறந்த ஹெட்போன் முழுப் பயன் தருவது இந்த இசைக்குத்தான்.

எம்.எஸ்.வி., கே.வி.மகாதேவன் காலத்துப் பாடல்களுக்குச் செலவே தேவையில்லை. அவற்றில் பெரும்பாலானவை மோனோ பதிவுகள், இடமும் வலமும் ஒன்றேதான். 1978-இல் வந்த 'ப்ரியா'தான் தமிழில் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் படம் என்பார்கள். அதற்கு முந்தைய பாடல்களுக்குப் பரந்து ஒலிக்கும் ஹெட்போன் வாங்கிப் பயனில்லை. மேலொலி தூக்கலான ஹெட்போனில் பழைய டேப்பின் 'உஸ்' ஓசைதான் முன்னால் வந்து நிற்கும். குரல் இருக்கும் நடுப்பகுதி இதமாக ஒலித்தால் போதும். இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைவிட, நல்ல ரீமாஸ்டர் பதிப்பைத் தேடிக் கேட்பது பலன் தரும்.

கர்நாடக இசைக்கு மிருதங்கத்தை வைத்துச் சோதியுங்கள். தொப்பிப் பக்கத்தின் கும்கியில் சுரம் வழுக்கி ஏறுவது காதில் உருண்டு வர வேண்டும். வலந்தலையின் சொற்கள் கத்தரித்தாற்போல் தனித்தனியாக விழ வேண்டும். இரண்டும் ஒரே இயர்போனில் அமைந்தால், பின்னணித் தம்புராவும் தானாகவே சரியாக அமையும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் எச்சரிக்கை வேண்டும். கோயில் வாசலில் திறந்த வெளிக்காகவே உருவான வாத்தியங்கள் அவை. கூடு மாட்டிய விரல்கள் தவிலின் தோலில் விழும் வேகம் பதிவிலும் அப்படியே இருக்கும். மேலொலி கூர்மையான இயர்போனில் பத்து நிமிடம் கேட்டால் காது வலிக்கும், ஷிப்ட் முடிந்த காதுக்கு இன்னும் கெடுதல். இதமாக ஒலிக்கும் இயர்போன், குறைந்த சத்தம், முடிந்தால் விடுமுறை நாள் காலை.

ரஹ்மான் பாடல்களில் அடுக்குகள் அதிகம். 'ரோஜா' (1992) தொடங்கியே ஓர் ஓரத்தில் மெல்லிய மணியோசை, இன்னோர் ஓரத்தில் முணுமுணுப்பு, அடியில் கனத்த கீபோர்டு என்று போகும். காதை நன்றாக அடைக்கும் இயர்போனில் இவை ரயிலில்கூடக் கேட்கும், அடைக்காததில் வீட்டில்கூடக் கேட்காது. அனிருத் பாடல்களுக்கு 40, 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் அடியொலி தேவை. இன்று விற்கும் பட்ஸ் பெரும்பாலும் இதை மனத்தில் வைத்தே தயாராகின்றன. எனவே இவருடைய ரசிகர்கள் தேட வேண்டியது அடியொலியை அல்ல, அது பாடகரின் குரலை விழுங்காமல் இருக்கிறதா என்பதை.

கானாவைப் பற்றி எந்த ஹெட்போன் ஆலோசனையிலும் பேச்சே எடுப்பதில்லை. நம் ரயில் பாதையோ கானாவின் ஊர்கள் வழியாகத்தான் போகிறது. திருவள்ளூர் வண்டி வியாசர்பாடி ஜீவாவில் நிற்கிறது, கும்மிடிப்பூண்டி வண்டி கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் நிற்கிறது. கானாவில் சொல்தான் உயிர். பாடுகிறவர் தொண்டையை இறுக்கி, மூச்சு விடாமல் சொல்லை அடுக்குவார். பல பாடல்கள் செல்போனிலோ சிறு ஸ்டுடியோவிலோ நெருக்கமாகப் பதிவானவை. குரல் இருக்கும் பகுதி பின்வாங்கி, அடியும் மேலும் மட்டும் எகிறும் இயர்போனில் சொல் புரியாது. குரல் முன்னால் வந்து நிற்கும் இயர்போன் வேண்டும். 'அட்டகத்தி'யில் (2012) சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடியதையும், 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பதிவுகளையும் வைத்துச் சோதிக்கலாம். பின்னதில் பறை, சட்டி, ராப், கிட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அதில் ஒவ்வொரு சொல்லும் புரிந்தால் எந்தக் கானாவும் புரியும். பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார் நண்பர் கேட்கும் போஜ்புரிப் பாட்டுக்கும், ஒடிசா நண்பர் கேட்கும் பாட்டுக்கும் இதே சோதனை செல்லும்.

பாட்டே கேட்காமல் பாடம் கேட்கிறவர்களும் ரயிலில் நிறைய. டிஎன்பிஎஸ்சி வகுப்பு, டிப்ளமா பாடம், ஜப்பானிய மொழி. பெருவாயல் பக்கம் மகிந்திராவும் ஜப்பானின் சுமிட்டோமோவும் சேர்ந்து தொழிற்பூங்கா நடத்துகிற வட்டாரத்தில் ஜேஎல்பிடி தேர்வின் கேட்டல் பகுதிக்குத் தயாராவது நல்ல முதலீடு. பேச்சுக்கு அடியொலி தேவையே இல்லை, அது தொல்லை. எந்த இயர்போனாக இருந்தாலும் ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிட்டுக் கேளுங்கள்.

வயர் உள்ளதா, புளூடூத்தா? ஒரே விலைக்கு ஒலியில் வயர் உள்ளதே முந்தும். மூன்டிராப், கேஇசட் போன்ற சீன நிறுவனங்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் தரும் வயர் இயர்போன்கள் அதே விலைப் பட்ஸைவிடத் தெளிவானவை. போனில் ஜாக் இல்லாவிட்டால் ஒரு டைப்-சி இணைப்பான் போதும். கூட்டமான வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு வயர் மாட்டி இழுக்கும் என்பதும் உண்மை. அவருக்கு நெக்பேண்ட் நல்லது, கீழே விழுந்து தண்டவாளத்தில் தொலையாது. எல்டாக், ஆப்ட்எக்ஸ் என்ற புளூடூத் ஒலி முறைகளின் பெயர் பெட்டியில் எழுதியிருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், ஓடும் ரயிலில் அந்த வேறுபாடு காதுக்கு எட்டாது.

கடையில் செய்ய வேண்டியதில் முக்கியமானது சத்தத்தைச் சமமாக வைப்பது. இரண்டில் எது சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே சிறந்தது என்று காது சொல்லிவிடும். உங்கள் போனிலேயே, நீங்கள் நூறு முறை கேட்ட பாட்டை, மெதுவாக வைத்துக் கேளுங்கள். அடியொலி இல்லை என்று தோன்றினால் இயர்போனை விரலால் இலேசாக உள்ளே அழுத்துங்கள். உடனே அடியொலி பெருகினால் குறை இயர்போனில் இல்லை, ரப்பர் முனையின் அளவில் இருக்கிறது. பெட்டியிலுள்ள மூன்று அளவுகளையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு பொருந்துவது சகஜம். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் போனால் கவர்ன்மென்ட் எஸ்டேட், அங்கிருந்து ரிச்சி தெரு நடக்கிற தூரம். போலிகளும் அதே தெருவில் உண்டு. ஜிஎஸ்டி பில்லும் வாரன்டியும் இல்லாமல் பெரிய பிராண்ட் எதையும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு ரப்பர் முனைகளை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். இரும்புத் தூசியும் வியர்வையும் சேர்ந்தால் காதில் புண் வரும். இயர்போனை யாரோடும் பகிர வேண்டாம்.

ஸ்டேஷனில் இறங்கும்போது இரண்டு காதிலிருந்தும் எடுத்துவிடுங்கள். படிக்கட்டு ஏறச் சோம்பி, பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அது குற்றம். விஜயவாடா தடத்தில் விரைவு வண்டி வருவது, காது அடைத்தவருக்குக் கடைசி நொடி வரை தெரியாது.

கம்பெனியில் ஆண்டு மருத்துவப் பரிசோதனை அறிவித்ததும் ஒன்று செய்யுங்கள். ஒப்பீட்டுக்கு அடிப்படையாக எடுக்கும் முதல் கேட்புச் சோதனைக்கு முன் 14 மணி நேரம் காது வேலையிட இரைச்சலில் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி. நைட் ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்த ஆடியோகிராம் உண்மையைவிட மோசமாகக் காட்டும். எனவே ஷிப்ட் தொடங்கும் முன் நேரம் கேளுங்கள், முந்தின இரவு ஹெட்போனைத் தொடாதீர்கள். சோதனை முடிந்ததும் தாளின் நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். அதில் 4,000 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் கோடு பள்ளம் விழுந்திருக்கிறதா, போன ஆண்டைவிடப் பள்ளம் ஆழமாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆழமாகியிருந்தால் சேஃப்டி ஆபீசரிடம் காட்டுங்கள், ஈஎஸ்ஐ மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு ஈஎஸ்ஐ தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற ஒன்று. அங்கே இழப்பீடு கேட்கும்போது பழைய ஆடியோகிராம் நகல்கள்தான் உங்கள் கையில் இருக்கும் சான்று.